கரண்ட் மெஷின் இருக்கட்டும், முழங்கை மடங்குகிறதா?

மெஷினை முதலில் எடுத்து உள்ளே வையுங்கள். குழந்தையின் கையில் வைத்துத் தசையைத் தூண்ட ஆன்லைனில் வாங்கியதை எத்தனை நிமிடம் வைப்பது, கரண்ட் மூளைக்கு ஏறுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கையில் வைக்கும் கரண்ட் மூளைக்கு ஏறாது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது, நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான்: "நான்கு மாதம் முடிந்துவிட்டது, விரல் அசைகிறது, வலது முழங்கை மட்டும் மடங்கவில்லை."

பிரசவத்தில் தோள் மாட்டிக்கொண்டபோது, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை இழுபட்டிருக்கிறது. எர்ப்ஸ் பால்ஸி என்போம். நீங்கள் சரியாக முக்காததால் வந்ததில்லை. அந்த எண்ணத்தை விடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே சரியாகிவிடும். லேசாக இழுபட்ட நரம்பு சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்கும், அறுந்த நரம்பு தானாகச் சேராது. இரண்டில் எது என்பதை முழங்கைதான் காட்டிக்கொடுக்கும். 3 மாதம் முடிந்தும் குழந்தை அதைத் தானாக மடக்கவில்லையென்றால், கை நரம்பு அறுவை சிகிச்சை தெரிந்த மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷன் தேவைப்பட்டால் பொதுவாக 3 முதல் 9 மாதத்துக்குள் செய்வார்கள். ஒன்றரை வருடம் நரம்பின் தொடர்பில்லாமல் கிடந்த தசை, அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் எழுந்திருக்காது. அதனால் இந்த வாரமே கிளம்புங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. அதே பக்கத்துக் கண் இமை தொங்கி, கண்மணியும் சிறுத்துத் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

வீடியோவில் கரண்ட் வைத்துக் கை தேறியதாக நீங்கள் பார்த்தது மூளைவாதம் உள்ள பிள்ளை. அங்கே கோளாறு மூளையில். கைக்குப் போகும் நரம்பு முழுசாக இருக்கிறது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசையில் கரண்ட் வைத்துக்கொண்டே டம்ளரை எடுக்கப் பழக்கினால் பலன் கிடைப்பதுண்டு. நானே அப்படி அனுப்புகிறேன். உங்கள் குழந்தைக்குக் கோளாறே நரம்பில். வீட்டு மெஷின் நரம்பைத் தூண்டித்தான் தசையை இழுக்கும். அறுந்த நரம்பை ஒட்டவைக்காது. தசை துடிக்கவில்லையே என்று நீங்கள் அளவைக் கூட்டுவீர்கள், மரத்த தோல் வெந்துபோகும், குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நரம்பு திரும்பத் தொடங்கியபின் வேண்டுமானால் பிசியோதெரபிஸ்ட் பார்த்து வைப்பார்.

மாமியார் சொல்வதுபோல் இது உரம் விழுந்ததில்லை. சேலையில் போட்டு உருட்டவும் வேண்டாம், எண்ணெய் தேய்த்துக் கையை இழுக்கவும் வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கும்வரை ஒன்று செய்யுங்கள். துணி மாற்றும்போதெல்லாம் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். தோள் இறுகாமல் இருக்கும். குழந்தை விளையாடும்போது இரண்டு கையும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்து வையுங்கள். புது இடத்தில் அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு சோதிப்பதைவிட அது மருத்துவருக்கு உதவும்.