பீர் வாளிக் குழாயோரம் சொட்டுவது பற்றி

வீட்டில் பீர் காய்ச்சும் வாளியில் பொருத்திய குழாயின் ஓரம் சொட்டுகிறது, மரையில் டெஃப்லான் டேப் (கசிவைத் தடுக்கச் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடா) சுற்றியும் நிற்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அந்தச் சொட்டு நிற்காது. அங்கே கசிவை அடைப்பது மரை இல்லை, ரப்பர் வாஷர். நீங்கள் அதை வாளிக்கு உள்ளே, நட்டுக்கு அடியில் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் மரை வழியாகத் தண்ணீர் நழுவி வெளியே வந்துவிடும். வெளிப்பக்கம், குழாயின் அகன்ற விளிம்புக்கும் வாளிச் சுவருக்கும் நடுவில் போடுங்கள்.

போடும் முன் துளையோரத்தை விரலால் தடவிப் பாருங்கள். துளையிட்டபோது எழுந்த பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், என் அனுபவத்தில் பாதிக் கசிவு அதனால்தான். நட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஸ்பானர் போட்டால் வாஷர் பிதுங்கிவிடும்.

அப்புறம் குழாய்க்கு மேல்வரை தண்ணீர் நிரப்பி, அடியில் காகிதம் விரித்து ஓர் இரவு வையுங்கள்.

கசிவை அடைக்கக் குளியலறை சிலிக்கோன் பசை மட்டும் வேண்டாம். அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம், குடிக்கிற பொருளுக்கு ஆகாது.