முதுகுவலி, கழுத்துவலிக்குக் கைரோபிராக்டரிடம் போகலாமா? எந்த அளவுக்குக் குணமாகும்?

கேட்டவர் கனடாவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை, இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது, கம்பெனி காப்பீட்டில் கைரோபிராக்டருக்கென்று (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர்) பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், போனால் சரியாகிவிடுமா என்கிறார்.

போகலாம். ஆனால் யூடியூப் பார்த்துவிட்டு அதே நினைப்பில் போகாதீர்கள். அந்த வீடியோக்களில் முதுகுக்குப் பக்கத்தில் மைக் வைத்து 'டக் டக்' என்று சத்தத்தைப் பிடிப்பார்கள், பத்து வருட வலி போய்விட்டது என்று படுத்திருந்தவர் எழுந்து அழுவார். நான் டொராண்டோ பக்கம் இருக்கிறேன், இடுப்புக்கும் போயிருக்கிறேன், கழுத்துக்கும் போயிருக்கிறேன். யாரும் அழுது பார்த்ததில்லை.

முதல் நாள் பாதி நேரம் கேள்விகளிலேயே போகும். வலி காலுக்கு இறங்குகிறதா, எங்கேயாவது மரத்துப்போகிறதா, ராத்திரி வலி எழுப்பிவிடுகிறதா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டுவார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் தூக்கிப் பார்ப்பார். இது எதுவும் இல்லாமல் நேரே மேசையில் ஏறிப் படுக்கச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இடுப்புக்கு என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலுமாகப் பிடித்துக்கொள்வார். மூச்சை விடச் சொல்வார். விட்டு முடிப்பதற்குள் ஒரே ஒரு வெட்டு அழுத்தம், அவ்வளவுதான். சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சத்தம் வந்தால் 'எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது' என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஊரில் விரலில் நெட்டி முறிக்கிறோமே, அதே சங்கதிதான் இதுவும். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று ஒரு வாயு இடைவெளி உண்டாகிறது. 2015-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்து, இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். ஆகவே சத்தம் வராத நாளில் காசு வீண் என்று முகம் சுளிக்க வேண்டாம்.

எலும்பு விலகியிருக்கிறது என்ற பேச்சுக்கு வயது அதிகம். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிய டி. டி. பால்மர் என்பவர் (டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர்தான்) காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதில் அவருக்குக் காது கேட்டதாகச் சொன்னார். முதுகெலும்பு சிறிது விலகுவதால்தான் பெரும்பாலான நோய்களும் வருகின்றன என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. இன்றைக்கு ஒழுங்காகப் படித்துத் தொழில் செய்கிறவர்களில் பலர் அப்படிப் பேசுவதில்லை. சிலர் இன்னும் பேசுகிறார்கள். ஆஸ்துமா, குழந்தையின் காதுவலி, நோய் எதிர்ப்பு சக்தி என்றெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கும் கிளினிக் பக்கம் நான் போகமாட்டேன்.

எக்ஸ்ரேயைக் காட்டி 'டிஸ்க் தேய்ந்திருக்கிறது பாருங்கள்' என்று சொன்னாலும் பதறாதீர்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு முதல் நாளே எக்ஸ்ரே தேவையும் இல்லை.

சரி, பலன் எவ்வளவு? புதிதாக வந்த இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை எப்படி என்று 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வலியை 100 மதிப்பெண்ணுக்கு அளந்தால் இதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 10 அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் சங்கமான ஏ.சி.பி.யும், மாத்திரைக்கு முன் முயன்று பார்க்கக்கூடியவற்றில் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சரோடு இதையும் சேர்த்தது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்போ உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. இடுப்புப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களில் குனிந்து நிமிர, நடக்க, வேலைக்குப் போக வலி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதுதான் பலன். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சிகிச்சை முடிந்த அன்றும் மறுநாளும் உடம்பு அடித்துப்போட்டாற்போல வலிக்கலாம், அது சகஜம்.

நீங்கள் உண்மையில் உஷாராக இருக்க வேண்டிய இடம் ரிசப்ஷன் மேசை. ஒண்டாரியோவில் 2004 டிசம்பரிலிருந்து அரசுக் காப்பீடு கைரோபிராக்டருக்குப் பணம் தருவதில்லை. கம்பெனி காப்பீடு அல்லது உங்கள் பாக்கெட். வாரத்துக்கு மூன்று முறை, ஆறு மாதம், முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு தாளை நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். 'எத்தனை வாரத்தில் எனக்கு வித்தியாசம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வோம்?' என்று கேளுங்கள். நல்லவர் இதற்கு நேராகப் பதில் சொல்வார், வீட்டில் செய்யப் பயிற்சியும் எழுதிக் கொடுப்பார், தேவைப்பட்டால் குடும்ப மருத்துவரிடமும் அனுப்புவார். டிசம்பருக்குள் காப்பீட்டுப் பணத்தைத் தீர்த்தாக வேண்டும் என்பதற்காகப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முதுகுக்குக் காலண்டர் தெரியாது ஐயா.

கழுத்து மட்டும் தனிக் கதை. ஒப்புதல் படிவத்தில் பக்கவாதம் என்ற சொல் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது. ஏற்கெனவே கிழிந்ததால் கழுத்து வலித்துத்தான் சிலர் வருகிறார்கள் என்ற விளக்கமும் உண்டு. 2008-இல் வந்த ஒண்டாரியோ ஆய்வில், கைரோபிராக்டரிடம் போவதற்கும் பிறகு பக்கவாதம் வருவதற்கும் தெரிந்த அதே தொடர்பு, சாதாரண டாக்டரிடம் போனவர்களிடமும் தெரிந்தது. எப்படியிருந்தாலும், இதுவரை வராத மாதிரி திடீரென்று கழுத்துவலியோ தலைவலியோ வந்து, கூடவே தலைசுற்றல், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது என்று இருந்தால் கைரோபிராக்டர் வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். முதுகுவலியோடு சிறுநீர் வராமல் நின்றாலும், தொடையிடுக்கு மரத்தாலும், கால் தளர்ந்தாலும் அப்படியே. மற்றபடி கழுத்தைத் திருப்புவதே பயமாக இருந்தால் 'கழுத்தில் சொடக்கு வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். கையால் மெதுவாக அசைத்துவிடும் முறையும் அவர்களிடம் இருக்கிறது. நான் கழுத்துக்கு அதைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.