தொடக்கநிலை பவர் கைட் வாங்கலாமா? இழுக்கும் பட்டத்தோடு என் அனுபவம்

கேள்வி இது: "இதுவரை சாதாரணப் பட்டம்தான் விட்டிருக்கிறேன். ஆளையே இழுக்கும் இரண்டு கயிற்றுப் பவர் கைட் ஒன்று வாங்க ஆசை. 1.5, 3 என்று இரண்டு அளவு காட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு எது சரி, அனுபவம் எப்படி இருக்கும்? பின்னால் கைட்சர்ஃபிங் (பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குவது) கற்றுக்கொள்ள உதவுமா?"

வாங்கலாம். சின்னதையே வாங்குங்கள். 3 இப்போது வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நிறுவனம் பட்டத்தின் அகலத்தைப் பெயரில் போடும், இன்னொன்று பரப்பளவைப் போடும். பிரிசம் சினாப்ஸ் 170 என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 170 சென்டிமீட்டர். பீட்டர் லின் ஹார்னெட் 3 என்றால் 3 சதுர மீட்டர் துணி. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 170 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டத்தின் பரப்பு 1.7 சதுர மீட்டர் அல்ல, அதைவிட மிகவும் குறைவு. பெட்டியில் சதுர மீட்டர் என்ன என்று தேடிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். நான் தொடங்கியது ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டரில்.

சாதாரணப் பட்டம் விட்ட பழக்கம் இதில் அதிகம் கைகொடுக்காது. அங்கே ஒரு நூல், பட்டம் மேலே ஏறி நின்றால் வேலை முடிந்தது. இங்கே குச்சியே கிடையாது. கிழிசல் பரவாத ரிப்ஸ்டாப் நைலானில் தைத்த இரண்டு அடுக்குத் துணி, நடுவில் வரிசையாக அறைகள். முன்விளிம்பில் இருக்கும் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து அறைகளை உப்ப வைக்கும். அந்த உப்பலில்தான் அது இறக்கை வடிவத்துக்கு வருகிறது. டொமினா ஜால்பர்ட் என்பவர் 1964இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பாராஃபாயில் அமைப்பு இது. இன்றைய சதுரப் பாராசூட்டும் பாராகிளைடரும் அதே குடும்பம்தான். பெட்டியைத் திறந்து பார்த்தால் மடித்த துணி மட்டும் இருக்கும், "இதுவா ஆளை இழுக்கும்" என்று தோன்றும்.

பறக்க விடுவதற்கு முன்னால் தரையில் நடக்கும் வேலைதான் ஆரம்பத்தில் பாதி நேரத்தைத் தின்னும். யாரும் இதைச் சொல்வதில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பட்டத்தை எதிரே தரையில் மல்லாத்தி, பின்விளிம்பில் கொஞ்சம் மணல் போட வேண்டும், இல்லையென்றால் நீங்கள் கயிற்றை விரிக்கும்போதே அது தானாகக் கிளம்பிவிடும். பிறகு 20 மீட்டரோ 25 மீட்டரோ கயிற்றை முழுவதும் விரித்து, முறுக்கு இல்லாமல் பிரித்து, பட்டத்தோடு கட்டியிருக்கும் சூத்திரக் கயிறுகளில் சிக்கல் இருக்கிறதா என்று பார்த்து, கயிற்றின் மறுமுனையில் இருக்கும் கைப்பட்டைகளை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். இடது வலது மாறிவிட்டால் திருப்பம் எல்லாம் தலைகீழாகும், பட்டம் நேராகத் தரையில் குத்தும். சுற்றி வைக்கும்போது எட்டு வடிவில் சுற்றினால் அடுத்த முறை சிக்கல் பாதியாகக் குறையும். இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கயிறு டைனீமா என்ற வலுவான செயற்கை இழை வகை. மெல்லியது, அதிகம் நீளாது, வழவழப்பானது. வழவழப்பாக இருப்பதால், பட்டத்தை ஒரே பக்கம் சில சுற்று சுற்றவிட்டுக் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டாலும் கட்டுப்பாடு போகாது. எதிர்ப்பக்கம் அதே அளவு சுற்றினால் பிரிந்துவிடும். முதலில் நம்பவே முடியாது, முறுக்கைப் பார்த்ததும் கை நடுங்கும். புதுக் கயிறு கொஞ்ச நாளில் சமமில்லாமல் நீளும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கையை நேராக வைத்திருந்தும் பட்டம் ஒரே பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருந்தால் பட்டத்தில் குறை என்று நினைக்க வேண்டாம். இரண்டு கயிற்றையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்து அளந்து பாருங்கள். நீளமாக இருப்பதன் முனை முடிச்சை உள்பக்கம் நகர்த்திப் போட்டால் சரியாகிவிடும்.

சரி, பறக்கும் கதைக்கு வருவோம். இரண்டடி பின்னால் வைத்து இரண்டு கையையும் சேர்த்து இழுத்தால் துணி உப்பி நேராக மேலே ஏறும். தலைக்கு மேலே போய் நின்றதும் இழுப்பு குறைந்துவிடும். "இவ்வளவுதானா" என்று தோன்றும் இடம் அது. அங்கிருந்து ஒரு கையை இழுத்துப் பட்டத்தைக் கீழே திருப்பி, கண் முன்னால் குறுக்காகப் பாய விடுங்கள். அப்போதுதான் பவர் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது தோள்பட்டைக்குப் புரியும். காலடியில் மணல் சரிய, நாலைந்து அடி தானாக நகர்ந்திருப்பீர்கள். காற்று கூடவில்லை, பட்டமும் அதேதான். இடமும் வேகமும் மட்டும் மாறியிருக்கின்றன.

இதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்பேன். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் உங்களுக்கு எதிரே, ஒரு கோளத்தின் கால்பங்கு போல ஒரு பரப்பு இருக்கிறது. பட்டம் அதற்குள்தான் பறக்க முடியும். விண்ட் விண்டோ என்பார்கள். தலைக்கு மேல் 12 மணி, இடது ஓரம் 9, வலது ஓரம் 3 என்று கடிகாரமாகச் சொல்வதும் உண்டு. ஓரங்களிலும் உச்சியிலும் இழுப்பு குறைவு. நேர் எதிரே, தாழ்வான நடுப்பகுதியில் அதிகம். அங்கே பட்டம் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் பாய்கிறது. அந்த வேகத்தில் பட்டம் உணரும் காற்று அது தானே உண்டாக்கிக்கொண்ட காற்று. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், உணரும் காற்று மூன்று மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்கு. மைல்ஸ் லாய்ட் என்ற பொறியாளர் 1980இல் இதே குறுக்குப் பாய்ச்சலைக் கணக்கிட்டு, பட்டத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை எழுதினார். அதற்கும் முன்னால், 1826இல், ஜார்ஜ் போக்கோக் என்ற பிரிஸ்டல் பள்ளி ஆசிரியர் பட்டங்கள் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை இல்லாத வண்டியில் ஆட்களை ஏற்றிச் சாலையில் ஓட்டியும் காட்டினார். ஆசிரியர் வேலையோடு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைத்ததோ!

இது புரிந்தால் கை செய்ய வேண்டியதும் புரியும். இழுப்பு அதிகமானதும் புதியவர் எல்லோரும் செய்வது ஒன்றே: இரண்டு கையையும் நெஞ்சோடு இழுத்து, பின்னால் சாய்வது. இரண்டு கயிற்றுப் பட்டத்துக்குப் பிரேக் கிடையாது. அப்படி இழுத்தால் அந்தக் கணத்தில் இழுப்பு கூடத்தான் செய்யும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பட்டத்தை நோக்கி நாலடி நடந்து போங்கள். நீங்கள் முன்னால் போகும் வேகம் காற்றிலிருந்து கழிந்துவிடும், கயிறு உடனே தளரும். கூடவே பட்டத்தை ஓரத்துக்கோ உச்சிக்கோ ஓட்டினால் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மனம் ஒப்புக்கொண்டாலும் கால் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும். இழுக்கிற பொருளை நோக்கி நடப்பது உடம்புக்குப் பிடிக்காத காரியம்.

திருப்புவதிலும் அளவு வேண்டும். சின்னப் பட்டம் மிக வேகமாகத் திரும்பும். கையை அங்குலக் கணக்கில் நகர்த்தினாலே போதும். பெரிதாக வீசி இழுத்தால் அது வளைந்து வளைந்து தரையில் அடிக்கும். உச்சியைத் தாண்டிப் பறந்து பின்னால் போனால் கயிறு தளர்ந்து, துணி சுருங்கி இலை போல விழும். அப்போது பின்னால் ஓடிக் கயிற்றை இறுக்கினால் பல சமயம் மறுபடி உப்பிவிடும். குச்சி இல்லாததால் விழுந்தாலும் உடையாது என்பது பெரிய வசதி. ஆனால் முழு வேகத்தில் மூக்குக் குத்த விட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று உள்தையலைக் கிழிக்கும். தண்ணீரில் விழ விடாதீர்கள். திறந்த அறைகளில் நீர் நிறைந்தால் சாதாரண மாடலை மறுபடி கிளப்ப முடியாது, இழுத்துக் கரை சேர்ப்பதே பெரும்பாடு. நீரிலிருந்து கிளம்பும் மூடிய அறை மாடல்கள் தனியாக உண்டு.

காற்றைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. ஒன்றரை சதுர மீட்டருக்கு மணிக்கு 12 முதல் 20 கிலோமீட்டர் காற்று நன்றாக இருக்கும். காற்றின் வேகத்தை வகைப்படுத்தும் போஃபோர்ட் அளவில் ஏறக்குறைய 3, அதாவது இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் ஆடும், லேசான கொடி விரிந்து நிற்கும். அதைவிட முக்கியம் காற்று சீராக இருப்பது. விட்டு விட்டு அடிக்கும் 15ஐவிடச் சீரான 22 பாதுகாப்பானது என்று நினைக்கிறேன். கட்டடத்துக்கும் மரவரிசைக்கும் பின்னால் நின்றால் காற்று சுழன்று சுழன்று வரும். பட்டம் காரணமில்லாமல் தொங்கும், திடீரென்று உயிர் வந்து இழுக்கும். தடையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். கடலிலிருந்து கரைக்கு வரும் காற்றுக்கு ஈடு இல்லை. ஆனால் காற்றுப் போகும் திசையில் யார் இருக்கிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பப் பாருங்கள், மக்கள் கயிற்றைப் பார்ப்பதில்லை, பட்டத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்து வருவார்கள். இறுகிய டைனீமா தோலை வெட்டும். வெறும் கையால் கயிற்றைப் பிடிக்கவே கூடாது. மின்கம்பி, விமான நிலையம், இடி மேகம் பக்கத்தில் என்றால் பையைத் திறக்காமலே திரும்பிவிடுங்கள்.

இப்போது 3 ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். துணி இரட்டிப்பானால் ஒரே காற்றில் இழுப்பும் ஏறக்குறைய இரட்டிப்பு. 1.5இல் நாலடி நகர்த்திய ஒரு தவறான பாய்ச்சல், 3இல் முகம் குப்புறத் தள்ளிவிடும். பெரியது மெதுவாகத் திரும்புவதால் சமாளிக்கச் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். திருப்பத்தைப் பொறுத்தவரை அது உண்மை, இழுப்பைப் பொறுத்தவரை இல்லை. அந்த அளவு பட்டங்கள் பெரும்பாலும் நான்கு கயிற்றுக் கைப்பிடியோடு வரும். கீழ்க்கயிறு இரண்டும் பிரேக். மணிக்கட்டில் மாட்டும் கைட் கில்லர் வார் அந்தப் பிரேக் கயிற்றோடு சேர்ந்திருக்கும். கைப்பிடியை விட்டுவிட்டால் பட்டம் இழுப்பை இழந்து விழும். இரண்டு கயிற்றுக் கைப்பட்டையில் அந்தக் காவல் இல்லை, பட்டை மணிக்கட்டை இறுக்கிக்கொண்டிருக்கும். அதனால் அதைக் கழற்றி விடும் அசைவைப் பட்டம் ஏற்றுவதற்கு முன்பே, லேசான இழுப்பில் யாரையாவது கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் உடம்பு. முன்கையும் பிடியும்தான் முதலில் களைக்கும். கையை உயர்த்தி வைத்துக்கொண்டு பறக்கவிட்டால் தோளும் கழுத்தும் சேர்ந்து வலிக்கும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முழங்காலை மடக்கி, எடையைப் பின்பக்கம் இறக்கி நின்றால் கூடுதல் நேரம் தாங்கும்.

கைட்சர்ஃபிங்குக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், ஒரு எல்லை வரை. பட்டத்தைப் பார்க்காமலே அது விண்டோவில் எங்கே இருக்கிறது என்று கயிற்றின் இறுக்கத்தை வைத்துச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் அது அங்கேயும் அப்படியே பயன்படும், ஏனென்றால் பலகையில் நிற்கும்போது பட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அங்கே காற்றடைத்த பெரிய பட்டம், இடுப்பில் கட்டும் வார்ப்பட்டை (ஹார்னெஸ்), கையால் பிடிக்கும் தண்டை (பார்) தள்ளினால் இழுப்பைக் குறைக்கும் ஏற்பாடு, ஆபத்தில் கழற்றிவிடும் பூட்டு எல்லாம் உண்டு. இவற்றில் எதையும் சின்னப் பட்டம் கற்றுத் தராது, பயிற்சியாளர் வேண்டும். அந்த நோக்கத்தோடுதான் வாங்குகிறீர்கள் என்றால் கைப்பட்டை மாடலை விட்டுவிட்டு, பார் வைத்த மூன்று கயிற்றுப் பயிற்சிப் பட்டமாக (டிரெய்னர் கைட்) பாருங்கள். பாரை விட்டதும் மூன்றாவது கயிறு பட்டத்தைச் சாய்த்துவிடும், பாரைப் பிடிக்கும் முறையும் முதலிலிருந்தே கைக்குப் பழகும். வெறும் இழுப்பின் சுகத்துக்காக என்றால் கைப்பட்டை மாடலே போதும், மடித்தால் தோள்பையில் அடங்கிவிடும்.