கப்பலில் பாதி அவர்கள்

(உல்லாசக் கப்பல்களின் சாப்பாட்டுக் கூடத்தில் 19 வருஷம் பரிமாறியவன் நான். இப்போது கடலூர் முதுநகரில் வீட்டோடு இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, கூட்டத்தைப் பற்றியே.)

கேள்வி: அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, சென்னையிலிருந்து 3 இரவு கப்பலில் அனுப்பி வைத்தோம். ஏதோ ஒரு கம்பெனியின் விற்பனை ஆட்கள்தான் கப்பலில் பாதிப்பேர். இரண்டாம் நாள் மாலை நாடக அரங்கை மூடிவிட்டார்கள். ராத்திரி ஒன்றரை மணி வரை மேல்தளத்தில் பாட்டு. கேட்டதற்கு ‘பிரைவேட் பங்ஷன்’ என்றார்களாம். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? அடுத்த தடவை எப்படித் தப்பிப்பது?
- வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: பணம் வருவது கஷ்டம்தானம்மா. நிகழ்ச்சியையும் இடத்தையும் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று பெரும்பாலும் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். புகார் எழுதிப் போடுங்கள். அடுத்த பயணத்துக்கு ஏதாவது தள்ளுபடி தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழுக் கப்பலையும் ஒரே கூட்டம் எடுத்துக்கொண்டால் வம்பில்லை, நமக்கு டிக்கெட்டே விற்கமாட்டார்கள். பாதிக் கப்பல்தான் தொல்லை. ஒரே மண்டபத்தில் மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒரு கல்யாணம் நடக்குமே, அந்த மாதிரி. இவர்கள் ரசத்துக்கு நாம் இலை போட்டு உட்கார்ந்திருப்போம்.

2, 3 இரவுப் பயணங்களில்தான் இது அதிகம். ஆட்களை அதற்கு மேல் வேலையை விட்டு அனுப்ப எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? ஆகவே முடிந்தால் 5 இரவு போங்கள். பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் ஒரே கேள்வி: “இந்தத் தேதியில் நூறு பேருக்கு மேல் குழு இருக்கிறதா, எந்த ஹாலை எந்த நேரம் எடுத்திருக்கிறார்கள்?” வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் கப்பல் கம்பெனியின் குழு முன்பதிவுப் பிரிவில் விசாரித்துச் சொல்ல முடியும்.

அறை எடுக்கும்போது மேலேயும் கீழேயும் அறைகளே உள்ள தளமாகப் பாருங்கள். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுத்தால், விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்துக்கே எழுந்துவிடுவீர்கள்.

அப்படியும் மாட்டிக்கொண்டால், அவர்கள் நேரத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். மறுநாள் நிகழ்ச்சி நிரலை ராத்திரியே அறைக்கு அனுப்புவார்கள், சில கப்பல்களில் போனில் வரும். எந்த ஹால் எப்போது மூடியிருக்கும் என்பது அதில் பொடி எழுத்தில் இருக்கும். அவர்கள் மீட்டிங்குக்குப் போன பிறகு குளமும் காபிக் கடையும் உங்களுடையவை. மீட்டிங் விட்டதும் லிப்டு பக்கம் போகாதீர்கள்.

ஒரு தடவை இன்சூரன்ஸ்காரர்கள் எழுநூறு பேர் ஏறினார்கள். அவர்கள் கம்பெனி நிறத்தில் நீல நாப்கின். எல்லாவற்றையும் விசிறி மாதிரி மடித்து முடிப்பதற்குள் எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. சாயங்காலம் ஆறு மணிப் பந்தி முழுக்க அவர்களுக்கே. ஒரு வயசான தம்பதி மட்டும் ஏறிய அன்று மத்தியானமே வந்து, “எட்டரைப் பந்தியில் ஜன்னலோரம் இரண்டு பேர் மேசை கிடைக்குமா?” என்று கேட்டார்கள். கொடுத்தோம். அடுத்த நாள் அதே மேசைக்கு ஒன்பது பேர் வந்து சண்டை போட்டார்கள். முதல் நாள் கேட்பவருக்குத்தான் மேசை.

கேள்வி: கப்பல் புதுச்சேரிக்கு வந்தால் துறைமுகத்துக்குள்ளேயே வராதா? படகில் இறங்கும்போது குழுக்காரர்களை முதலில் விடுவது நியாயமா?
- வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: அவ்வளவு பெரிய கப்பலுக்கு அங்கே ஆழம் போதாது தம்பி. 2025 ஜூலையில் உல்லாசக் கப்பல் வந்தபோதும் அது கடலில்தான் நின்றது, ஆட்கள் சிறு கப்பலில் கரைக்கு வந்தார்கள். எங்கள் முதுநகரிலும் அந்தக் காலத்தில் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு படகில் வரும். பழக்கமான சங்கதிதான்.

கப்பல்காரரிடமே சுற்றுலா வாங்கியவர்களைத்தான் முதலில் இறக்குவார்கள், குழுக்களும் பெரும்பாலும் அதில் சேர்த்தி. நியாயமா என்றால் எனக்கும் பிடிக்காது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் சாமி ஊர்வலம் போகும்வரை ஓரமாக நிற்பதில்லையா? அந்த மாதிரி நிதானமாக டிபன் சாப்பிட்டுவிட்டு, கூட்டம் வடிந்ததும் இறங்குங்கள். திரும்பும்போது மட்டும் கடைசிப் படகை நம்பாதீர்கள், எல்லோரும் அதற்குத்தான் வருவார்கள்.

கேள்வி: பாட்டிக்குச் சதாபிஷேகம். சொந்தபந்தம் 42 பேர் கப்பலில் போகிறோம். நாங்களே மற்றவர்களுக்குத் தொல்லையாகிவிடுவோமோ?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கேட்கத் தோன்றியதே, அதனால் ஆகமாட்டீர்கள். பல கம்பெனிகளில் 8 அறை, 16 பேர் இருந்தாலே குழுக் கணக்கு. பதினாறு பேருக்கு ஒருவர் இலவசம் என்று தருபவர்களும் உண்டு. கட்டாயம் கேட்டுப் பாருங்கள். கூடிப் பாட ஒரு சின்ன ஹாலை ஓரிரு மணி நேரம் தனியாகக் கேளுங்கள். குளத்தோரம் துண்டு போட்டுப் பதினாலு நாற்காலி பிடிக்கும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரே மாதிரி டி-ஷர்ட்? போடுங்கள், குழந்தை காணாமல் போனால் தேட வசதி.

பாட்டிக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். வாசல் அகலமான அறைகள் கப்பலில் கொஞ்சம்தான்.