டிசம்பரில் அபுதாபியின் லிவா பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்க மெல்லிய போர்வை போதுமா? கரி அடுப்பு கொண்டுபோகலாமா?

போர்வை போதாது. கரி அடுப்பைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் அது கூடாரத்துக்குள் வரக்கூடாது. மேற்கொண்டு படிக்க நேரமில்லாதவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு கிளம்பலாம்.

நேரம் இருப்பவர்களுக்குக் காரணத்தையும் சொல்கிறேன். இந்த விஷயத்தில் நண்பர்களிடம் ஏச்சு வாங்கியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

அபுதாபியில் வேலை பார்க்கும் நண்பர்கள் நால்வர், ஒரு ஜீப், ஒரு சாதாரண கார், இரண்டு இரவுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களில் யாரும் இதற்கு முன் மணலில் படுத்து உறங்கியதில்லை என்று நினைக்கிறேன். உறங்கியிருந்தால் மெல்லிய போர்வையைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். பகலில் அரைக்கைச் சட்டையோடு திரியலாம். பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறிவிடும். மேகமில்லாத வானம், வறண்ட மணல். பகலில் வாங்கிய வெப்பத்தை மணல் மளமளவென்று விட்டுவிடுகிறது. ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போவதும் உண்டு. உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சுவது பெரும்பாலும் மேலே உள்ள காற்றல்ல, கீழே உள்ள மணல். மேலே நான்கு கம்பளி போர்த்தினாலும் முதுகுக்குக் கீழே தடித்த மெத்தை இல்லாவிட்டால் விடிய விடியப் புரண்டுகொண்டுதான் இருப்பீர்கள். வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வரும் இரவுகளில் பனி இறங்கும். காலையில் கூடாரத்தின் வெளித்துணியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இன்னொன்று. காற்றுக்கு மறைவாக இருக்கும் என்று இரண்டு மணல்குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியில் கூடாரம் போடாதீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் ஏறி, சரிவு தொடங்கும் இடத்தில் போடுங்கள்.

இப்போது கரி அடுப்பு. ஒரு ஜனவரி வார இறுதியில் மூன்று வண்டிகளில் ஹமீம் சாலை வழியாக லிவாவுக்குப் போயிருந்தோம். ஷேரி மீனுக்கு மசாலா தடவிக் கரியில் சுட்டோம்; குபூஸ் ரொட்டி, சுலைமானி என்கிற கட்டன் சாயா எல்லாம் முடிந்து ஆளாளுக்குக் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். நண்பர் ஒருவர் ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த தன் மைத்துனரை அழைத்து வந்திருந்தார். அந்தப் பையனுக்குக் குளிர் தாங்கவில்லை. நள்ளிரவுக்குமேல் நான் வண்டியிலிருந்து ஜாக்கெட்டை எடுக்கப் போனபோது அவர்களுடைய கூடாரம் உள்ளிருந்து மங்கலாகச் சிவந்து தெரிந்தது. ஜிப்பைத் திறந்து பார்த்தேன். மீன் சுட்ட அலுமினியத் தட்டில் கரித்துண்டுகள், மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, அடியில் கனன்றுகொண்டிருந்தன. தட்டுக்கும் பையனின் காலுக்கும் ஒரு முழ இடைவெளிகூட இல்லை. அவன் எழுந்து உட்கார்ந்து, “தலை பாரமாக இருக்கிறது, பயணக் களைப்பு போலிருக்கிறது” என்றான்.

துண்டை மடித்துப் பிடித்துத் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்தேன். நண்பருக்குக் கோபம். “அண்ணே, புகையே வரவில்லையே! விருந்தாளி முன்னால் இப்படியா செய்வீர்கள்?” என்று கேட்டார். புகை இல்லை என்பதுதான் ஆபத்தே. நன்றாகக் கனிந்த கரி புகைவதை நிறுத்திவிடும். கார்பன் மோனாக்சைடை விடுவதை நிறுத்தாது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு அசதி, பிறகு தூக்கம். தூங்குகிறவனுக்குத் தனக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. குளிர்காலங்களில் வளைகுடா நாடுகளில் மூடிய அறைக்குள் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அன்று பையனுக்கு வந்தது அதுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மருத்துவர் யாரும் பார்க்கவில்லை. வெளியே உட்காரவைத்த அரைமணி நேரத்தில் தலைபாரம் குறைந்தது என்பது மட்டும் என் கண்ணால் பார்த்தது. அதன்பின் வண்டியின் தரைவிரிப்புகளை எடுத்து அவன் மெத்தைக்கு அடியில் பரப்பினேன். கம்பளித் தொப்பி மாட்டிவிட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைக் காலுறைக்குள் போட்டுக் காலடியில் வைத்தேன். நன்றாகத் தூங்கினான். நண்பர் மட்டும் ஊர் திரும்பும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எனக்குத் ‘தீயணைப்பு நிலையம்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கும் அதே தட்டை அதேபோல் தூக்கி வெளியே வைப்பேன்.

இதைப் படித்துவிட்டு, “பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் காலங்காலமாகக் கூடாரத்தில் நெருப்பு மூட்டவில்லையா?” என்று கேட்க ஒருவர் வருவார். மூட்டினார்கள். அவர்களுடைய கூடாரம் ஆட்டு மயிரில் நெய்தது; ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், துணியின் வழியாகவே காற்று போய்வரும். நீங்கள் கடையில் வாங்கும் நைலான் கூடாரத்தில் ஜிப்பை இழுத்துவிட்டால் அது ஒரு மூட்டை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதாதா என்றால், போதாது. வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவதும் வேண்டாம். புகைக்குழாய் மணலில் புதைந்தால் அதே வாயு உள்ளே வரும். எரிந்த கரியை மணலில் புதைத்துவிட்டும் வராதீர்கள். மணலுக்கடியில் மணிக்கணக்கில் சூடு இருக்கும், மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதில் கால் வைக்கும். தண்ணீர் ஊற்றி, ஆறியபின் அள்ளி, குப்பையோடு திரும்பக் கொண்டுவாருங்கள்.

டிசம்பரில் ஊருக்கு வராமல் பாலைவனத்தில் என்ன கொண்டாட்டம் என்று உறவினர்கள் கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், அதுவும் ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் முன்னால். பள்ளி விடுமுறை தொடங்குகிற வாரத்தில் திருச்சிக்கோ மதுரைக்கோ ஒரு டிக்கெட் என்ன விலை விற்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா? மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய்வந்தால் சேமிப்பில் பெரும் ஓட்டை விழும். விலை இறங்கும்போது போகலாம் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளி. பொங்கலன்று இங்கே வேலைநாள். கூடாரமும் மீனும் ஒரு தொட்டி பெட்ரோலும் அந்தச் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் “அங்கே ஜாலியாக இருக்கிறான்” என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் புண்ணாகியிருக்கிறது.

உங்கள் வண்டிகளுக்கு வருவோம். ஒரே ஒரு ஜீப் என்றால் மணலுக்குள் இறங்காதீர்கள். டயரின் காற்றழுத்தத்தை 35 psi-இலிருந்து 15-க்கு இறக்கினால் போய்விடலாம் என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். போகலாம்தான். சிக்கிக்கொண்டால் இழுக்க இன்னொரு நாற்சக்கர இயக்க வண்டி வேண்டும், அதை இழுக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ட்ரெயிலர் மாட்டும் இரும்புக் குமிழில் பட்டையைக் கட்டி இழுத்து, குமிழ் தெறித்து ஆளைக் கொன்றிருக்கிறது. குன்றுகளுக்கிடையே கெட்டித் தரைபோல் தெரியும் சப்கா உப்புத்தரையையும் நம்பாதீர்கள். மேலே ஓடு, அடியில் சேறு.

லிவாவில் தங்க இப்படி மணலுக்குள் வண்டியை இறக்கத் தேவையும் இல்லை. மதினத் சாயித் வழியாக லிவாவின் மெசைரா ஊருக்குப் போங்கள், அங்கே பெட்ரோலும் தண்ணீரும் நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து தல் மொரீப் வரை தார்ச்சாலை இருக்கிறது. உங்கள் சாதாரண காரே போகும். மொரீப் சுமார் 300 மீட்டர் உயர மணல்மலை. சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் கூடாரம் போட்டாலும் சுற்றிலும் அதே எம்ப்டி குவார்ட்டர் பெரும்பாலைவனம்தான், அதே நட்சத்திரங்கள்தான். ஆண்டு இறுதியில் அங்கே திருவிழா நடக்கும். அமைதி வேண்டுமென்றால் டிசம்பர் தொடக்கத்தில், தேசிய தின விடுமுறையில் போங்கள்.

திரும்பும் நாளில் விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். மூடுபனி இருந்தால் முன்னால் போகும் லாரியின் விளக்குகூடத் தெரியாது. வெயில் ஏறும்வரை இன்னொரு தேநீர் போட்டுக் குடியுங்கள். சாலையின் மின்பலகையில் 80 என்று இருந்தால், பின்னால் வருகிறவன் எத்தனை முறை விளக்கடித்தாலும் 80-க்கு மேல் போகாதீர்கள்.