ஃபிப்பேஜ் விளையாட்டில் பொது அறிவு இல்லாதவர்கள் ஜெயிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஜாக்பாக்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2014-இல் கொண்டுவந்த இந்த வீடியோ விளையாட்டில் நன்றாகப் புளுகத் தெரிந்தால் போதும்.

திரையில் ஒரு விசித்திரமான உண்மைச் செய்தி வரும், அதில் ஒரு சொல்லோ சொற்றொடரோ மட்டும் விடுபட்டிருக்கும். ஒவ்வொருவரும் நம்பும்படியான ஒரு பொய்யைத் தங்கள் போனில் தட்டவேண்டும். அப்புறம் எல்லாப் பொய்களும் உண்மையான விடையும் கலந்து திரையில் வரும். உண்மையைக் கண்டுபிடித்தால் புள்ளி. உங்கள் பொய்யை யாராவது நம்பினால் அதற்கும் உங்களுக்குப் புள்ளி, எத்தனை பேர் நம்பினார்களோ அத்தனை முறை.

இதன் அழகே கேள்விகளின் தேர்வில்தான் இருக்கிறது. பெரும்பாலும் யாருக்குமே விடை தெரியாது, அதனால் புத்தகப் புழுவும் மற்றவர்களும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். தற்செயலாக உண்மையையே தட்டிவிட்டால், வேறு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்கும்.

என் அனுபவத்தில் சிரிப்பு மூட்டும் பொய்யைவிட, சலிப்பூட்டும் சாதாரணப் பொய்தான் ஆளைக் கவிழ்க்கிறது. உண்மை வினோதமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் உஷாரான பிறகு தந்திரத்தை மாற்றுங்கள். கூட இருப்பவர்களின் குணம் தெரிந்தவருக்கே இதில் கை ஓங்கும்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பதால், வீட்டுப் பெரியவர்களோடு ஆடும்போது ஒருவர் வாசித்து விளக்கினால் நல்லது. ஒரே நேரத்தில் 8 பேர்வரை ஆடலாம்.