வாழைப்பழம் சாப்பிட்டால் சிலருக்கு வாய் அரிப்பது ஏன்?

திருவையாறு பக்கம் பூவன் பழம் வைக்காத பந்தியே இல்லை. அதைக் கடித்த சில நிமிடங்களில் சிலருக்கு உதடு தடித்து, நாக்கு நமநமவென்று அரிக்கும். இதுதான் வாழைப்பழ அலர்ஜி. பழத்திலுள்ள புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பகையென்று தாக்குகிறது. இருட்டில் மடை திறக்க வந்த சொந்த அண்ணனைத் திருடன் என்று நினைத்துக் காவல்காரர் கம்பை ஓங்குவது மாதிரி.

ரப்பர் பாலிலும் இதையொத்த புரதம் உண்டு. பலூன் ஊதினால் உதடு வீங்குகிற குழந்தைக்கு வாழைப்பழமும் சேராமல் போகலாம். டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

'தினம் ஒரு துண்டு கொடுத்தால் பழகிவிடும்' என்பார்கள். வீட்டில் அப்படிச் செய்வது ஆபத்து. அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம்.